கவுன்சிலருக்குப் பேர் கொடுக்கலாமா, பிற்காலத்துல மேயர் ஆக முடியுமா?

சகோதரி, நீங்க கேட்டதை முதல்ல சுருக்கமா திரும்பச் சொல்லிடுறேன், மத்தவங்களும் படிப்பாங்க இல்லையா. பினாங்குல பாயா தெருபோங் பக்கம் ஒரு மலிவு விலை அடுக்குமாடில இருக்கீங்க, குடியிருப்பாளர் கமிட்டில செயலாளர், பாயான் லெப்பாஸ்ல ஃபேக்டரி வேலை. கட்சிக்காரர் ஒருத்தர் அடுத்த தடவை உங்க பேரை கவுன்சிலருக்குக் கொடுக்கிறேன்னு சொல்லியிருக்கார். வேலை என்ன, அலவன்ஸ வச்சுக் குடும்பம் ஓடுமா, நல்லா செஞ்சா ஒரு நாள் மேயர் ஆகலாமான்னு மூணு கேள்வி கேட்டீங்க. ஆனா கடைசியில லிஃப்ட் அடிக்கடி நின்னு போயி வயசானவங்க படியேறித் தவிக்கிறாங்கன்னு ஒரு வரி எழுதியிருந்தீங்க பாருங்க, எனக்கு உங்க உண்மையான கேள்வியே அதுதான்னு படுது. அந்த நாற்காலில உக்காந்தா இந்த மாதிரி விஷயத்தை முடிச்சு வைக்க முடியுமா? நான் பினாங்குத் தீவுல சில தவணை கவுன்சிலரா இருந்தவன், அதுக்கு முன்னாடி உங்களை மாதிரியே குடியிருப்பாளர் சங்கத்துல ஓடுனவன். அதனால தீவு விஷயத்தைத் தைரியமா சொல்வேன். பினாங்கோட பெருநிலப் பகுதியான செபராங் பிறை பக்கமும் சட்டம் ஒண்ணுதான், ஆபீஸ் பழக்கவழக்கம் வேற. கோலாலம்பூர் கதை முழுசா வேற, அதையும் கீழ சொல்றேன்.

முதல்ல சட்டத்துல எழுதியிருக்கிறது. 1976ம் வருஷத்து ஊராட்சிச் சட்டம், 171வது சட்டம்னு சொல்வாங்க. அதுபடி ஒரு மன்றத்துல மேயரோ தலைவரோ ஒருத்தர், அவரோட 8 பேருக்குக் குறையாம 24 பேருக்கு மிஞ்சாம உறுப்பினர்கள், எல்லாரையும் நியமிக்கிறது மாநில அரசு. உறுப்பினர்கள்ல பெரும்பாலானவங்க அந்த வட்டாரத்துலயே குடியிருக்கிறவங்களா இருக்கணும். ஊராட்சி விஷயத்துல நல்ல அனுபவம், இல்லன்னா தொழில்ல எடுத்த பேர், அதுவும் இல்லன்னா தன் சமூகத்துக்காகப் பேசக்கூடிய தகுதி, இதுல ஏதாவது ஒண்ணு இருந்தா போதும், டிகிரி வேணும்னு எங்கயும் கிடையாது, அதனால "நான் எஸ்பிஎம் வரைக்கும்தான்"னு, அதாவது அஞ்சாம் படிவம் வரைக்கும்தான்னு, நீங்க தயங்கினதை விட்டுடுங்க. ஒரு நியமனம் 3 வருஷத்துக்கு மேல போகாது, திரும்ப நியமிக்கலாம், நடைமுறைல அதைவிடக் குறைஞ்ச காலத்துக்குக் கொடுத்து நீட்டிக்கிறதும் உண்டு, இடையிலயே ரத்து பண்ணவும் மாநில அரசுக்கு அதிகாரம் இருக்கு. ஆட்சியில இருக்கிற கட்சிங்க இடங்களைப் பங்கு போட்டுக்கும், 2008க்குப் பிறகு பினாங்குல என்ஜிஓக்காரங்களுக்கும் சில இடம் கொடுத்தாங்க.

அப்ப உங்களுக்கு ஓட்டுப் போட்டவங்க யாரும் இல்ல. இதை முதல்லயே மனசுல வாங்கிக்கணும், ஏன்னா இந்தப் பதவியோட பலம் பலவீனம் எல்லாம் இங்கதான் ஆரம்பிக்குது. உங்களை வைக்கிறதும் எடுக்கிறதும் மேல இருக்கிறவங்க, ஆனா லோங்காங், அதான் சாக்கடை வாய்க்கால், அடைச்சுக்கிட்டா உங்க கதவைத் தட்டுறது கீழ் வீட்டு பாட்டி. அந்தப் பாட்டிக்குப் பதில் சொல்லணும்னு எந்தச் சட்டமும் உங்களைக் கட்டாயப்படுத்தாது, நீங்களா அந்தப் பொறுப்பை எடுத்துக்கணும். எடுத்துக்காதவங்களும் தவணையை நிம்மதியா முடிச்சிட்டுப் போயிடலாம், கேக்க ஆள் கிடையாது. நான் இதைப் பார்த்திருக்கேன், பார்த்து வேதனைப்பட்டிருக்கேன்.

எப்பவும் இப்படி இருந்ததில்ல. போருக்குப் பிறகு மலாயாவுலயே முதல் நகராட்சித் தேர்தல் நம்ம ஜார்ஜ்டவுன்லதான், 1951 டிசம்பர்ல நடந்துச்சு. 1957 ஜனவரி 1ம் தேதி ஜார்ஜ்டவுன் மாநகரம் ஆச்சு, முதல் மேயர் டி.எஸ். ராமநாதன், லேபர் கட்சி, ஆசிரியரா இருந்தவர். மக்கள் தேர்ந்தெடுத்த கவுன்சிலருங்க தங்களுக்குள்ளயே ஒருத்தரை மேயராக்கினாங்க. முன்னாடி ஸ்காட் ரோடா இருந்த சாலைக்கு இப்ப அவர் பேர்தான், அந்தப் பக்கம் போற நம்ம பிள்ளைங்கள்ல எத்தனை பேருக்கு அவர் யாருன்னு தெரியும்? 1965 மார்ச்ல இந்தோனேசியா மோதலைக் காரணமா காட்டி ஊராட்சித் தேர்தலை நாடு முழுக்க நிறுத்தி வச்சாங்க. அதே வருஷம் இதை ஆராய அரச விசாரணைக் குழு போட்டாங்க, அதுக்குத் தலைமை தாங்கினவரும் ஒரு தமிழர்தான், ஆதி நாகப்பன். தேர்தலைத் திரும்பக் கொண்டு வரணும்னு 1968ல அந்தக் குழு அறிக்கை கொடுத்துச்சு, அரசாங்கம் ஏத்துக்கல, 1976 சட்டம் நியமனத்தையே நிரந்தரமாக்கிடுச்சு. 2012ல பினாங்கு சட்டமன்றம் தேர்தலுக்கு வழி பண்ணி ஒரு சட்டம் போட்டுச்சு, 2014ல கூட்டரசு நீதிமன்றம் அது செல்லாதுன்னுடுச்சு.

இப்ப மேயர் கேள்வி. ராமநாதன் காலத்துல கவுன்சிலர் மேயராகிறது இயற்கையான வழி, இன்னிக்கு அந்த ரெண்டும் தனித்தனிப் பாதை. இப்ப மேயர் முழுநேர அதிகாரி, மாநில அரசு நியமிக்குது, கூட்டத்துக்கும் அவரே தலைவர், நிர்வாகத்துக்கும் அவரே தலைவர். 2015 மார்ச்ல தீவு முழுக்க ஒரே மாநகரம் ஆனதுக்கப்புறம் வந்த மேயருங்களைப் பாருங்க. முதல்ல பத்தாஹியா இஸ்மாயில், பிறகு 2017ல மைமுனா முகமட் ஷரிஃப். மைமுனா நகர்த் திட்டமிடல் படிச்சு, கவுன்சில் வேலையிலயே படிப்படியா வந்து, செபராங் பிறை நகராண்மைக் கழகத் தலைவராகி, பினாங்கு மேயராகி, 2018ல ஐ.நா.வோட குடியிருப்புத் திட்ட அமைப்புக்கே தலைமை ஏத்துப் போனவங்க, 2024ல கோலாலம்பூர் மேயராவும் ஆனாங்க. 2023ல நம்ம ராஜேந்திரன் மேயரானப்ப ராமநாதனுக்கு அப்புறம் ஒரு இந்தியர்னு எல்லாரும் பெருமைப்பட்டோம், எனக்கும் கண்ணு கலங்கிடுச்சு, ஆனா அவரும் மன்றத்துக்குள்ள அதிகாரியா இருந்து செயலாளர் வரைக்கும் உயர்ந்து வந்தவர். அதனால மேயர் கனவு இருந்தா அதை உங்க வீட்டுப் பிள்ளைங்ககிட்ட சொல்லுங்க, இன்ஜினியரிங், டவுன் பிளானிங், சட்டம்னு படிச்சு கவுன்சில் வேலைக்கு மனு போடச் சொல்லுங்க. கவுன்சிலர் ஒருத்தரை மேயராக்க சட்டத்துல தடை இல்ல, ஆனா அதை நம்பி நீங்க உள்ள வரக்கூடாது.

கோலாலம்பூர் செந்தூல்ல இருக்கிற உங்க அக்காவுக்குக் கவுன்சிலர் யாருன்னு கேட்டிருந்தீங்க. அங்க கவுன்சிலர்னே ஒருத்தர் கிடையாது. கோலாலம்பூர் 1960 கூட்டரசுத் தலைநகர்ச் சட்டத்துக்குக் கீழ வருது, மேயர்தான் எல்லாம், பக்கத்துல ஆலோசனைக் குழு ஒண்ணு, பொறுப்பு கூட்டரசுப் பிரதேச அமைச்சருக்கு. அதனால அங்க இருக்கிறவங்க நேரா மாநகராண்மைக் கழகத்துகிட்டயோ நாடாளுமன்ற உறுப்பினர்கிட்டயோ போறாங்க. குறை இருந்தாலும் நமக்கு இங்க 24 பேர் இருக்காங்க, இதை நான் லேசா நினைக்கல.

சரி, வேலை. வாட்ஸ்அப்ல காலையில எழுந்ததுமே படம் வந்து நிக்கும். லோங்காங் அடைப்பு, லைட் கம்பம் எரியல, மரக்கிளை கேபிள் மேல சாஞ்சிருக்கு, ராத்திரியோட ராத்திரியா யாரோ பழைய மெத்தையும் சோஃபாவையும் குப்பைத் தொட்டிகிட்ட போட்டுட்டுப் போயிட்டாங்க, தெருநாய், பாசார் மாலாம்னு சொல்ற ராத்திரிச் சந்தைக் கடைக்காரங்க சண்டை. புதுசா வர்றவங்க எல்லாத்துக்கும் ஓடி ஓடியே களைச்சுப் போறாங்க. இதுல முதல்ல கத்துக்க வேண்டியது எது யாரோடதுங்கிறது. ஒரே ஒரு மழை நாளை எடுத்துக்குங்க, உங்க பிளாட் வாசல்ல தண்ணி நிக்குது. ரோட்டோர லோங்காங் மாநகர் மன்றத்தோடது, அது போய் விழுற ஆறு வடிகால் நீர்ப்பாசன இலாகா ஜேபிஎஸ்ஸோடது, மேன்ஹோல்ல இருந்து பொங்கினா கழிவுநீர் கம்பெனி இண்டா வாட்டர், குழாய் வெடிச்சிருந்தா தண்ணி வாரியம், ரோடே மாநில ரோடாவோ கூட்டரசு ரோடாவோ இருந்தா பொதுப்பணி இலாகா ஜேகேஆர். அஞ்சு ஆபீஸ், ஒவ்வொருத்தரும் இன்னொருத்தரைக் கையைக் காட்டுவாங்க, அவங்க சொல்றது பல தடவை உண்மையாவும் இருக்கும். அனுபவம் உள்ள கவுன்சிலர் அஞ்சு பேரையும் ஒரே நாள்ல அந்த இடத்துக்கே வரவழைச்சு நிக்க வைப்பார், எல்லை எதுன்னு அங்கயே பேசி, போட்டோ எடுத்து, அன்னிக்கே கடிதமா அனுப்பிடுவார். என் அனுபவத்துல பாதிப் புகார் அந்த ஒரு சைட் விசிட்லயே முடிஞ்சிருக்கு. மீதிப் பாதிக்குப் பணம் வேணும், அதுக்கு பட்ஜெட் போடுறதுக்கு முன்னாடி கேக்கணும், போட்டதுக்கப்புறம் போய்க் கேட்டா அடுத்த வருஷம்தான்.

உண்மையான வேலை இன்னொண்ணு இருக்கு, அது வெளிய யாருக்கும் தெரியாது. மாசாமாசம் பாடாங் கோத்தா லாமா மண்டபத்துல முழு மன்றக் கூட்டம் நடக்கும், அது பெரும்பாலும் முடிவானதை உறுதிப்படுத்துற இடம். முடிவு பிறக்கிற இடம் கமிட்டிங்க. எந்தக் கட்டடத்துக்கு அனுமதி, அங்காடிக் கடைங்களுக்கு எந்த விதி, எந்த ரோட்டுக்கு எவ்வளவு, குப்பை லாரி டெண்டர், எல்லாம் அங்க பேசப்படுது. ஃபைல் கனமா வரும், மலாய்ல வரும், கூட்டத்துக்குக் கொஞ்சம் முன்னாடிதான் கையில கிடைக்கும். அதை ராத்திரி உக்காந்து படிக்கிறவங்களுக்கும் கையெழுத்துப் போட மட்டும் வர்றவங்களுக்கும் உள்ள வித்தியாசம்தான் நல்ல கவுன்சிலருக்கும் மத்தவங்களுக்கும் உள்ள வித்தியாசம்.

நீங்க இருக்கிற இடத்தை வச்சே சொல்றேன். உங்களுக்குப் பின்னாடி மலை. பினாங்குல 76 மீட்டருக்கு மேல இருக்கிற நிலத்தையும் 25 டிகிரிக்கு மேல சரிவா இருக்கிற நிலத்தையும் மலை நிலமா கணக்கெடுத்துக் கட்டுப்பாடு வச்சிருக்காங்க. 2017 அக்டோபர்ல தஞ்சோங் பூங்கா கட்டுமான இடத்துல மண் சரிஞ்சு 11 தொழிலாளிங்க செத்துப் போனாங்க. அடுத்த வருஷம் அதே அக்டோபர்ல உங்க பக்கத்து புக்கிட் கூக்குஸ்ல ரோடு போடுற இடத்துல 9 பேர். பெரும்பாலும் வெளிநாட்டுல இருந்து வயித்துப் பிழைப்புக்கு வந்தவங்க. திட்டமிடல் பேப்பர்ல சரிவு எவ்வளவு, தண்ணி எங்க போகுது, மேற்பார்வை இன்ஜினியர் யாருன்னு ஒரு உறுப்பினர் வாய் திறந்து கேட்டு அதை மினிட்ஸ்ல பதிய வைக்கிறது சாதாரண விஷயம் இல்ல. பக்கத்துக் குடியிருப்புக்கும் உரிமை உண்டு. எந்த நிலத்துல என்ன கட்டலாம்னு சொல்ற உள்ளூர்த் திட்டம் அமல்ல இல்லாத இடத்துல புதுக் கட்டுமானத்துக்கு மனு வந்தா, அக்கம்பக்கத்து நில உரிமையாளருங்களுக்கு நோட்டீஸ் கொடுக்கணும், அவங்க 21 நாளுக்குள்ள ஆட்சேபம் எழுதலாம், இது 1976 நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்துல இருக்கு. அந்த நோட்டீஸ் தபால் பெட்டியில கிடந்து நாள் தாண்டிப் போனது எத்தனையோ. கவுன்சிலர் அதை ஜனங்களுக்கு நேரத்தோட சொன்னாலே பெரிய சேவை.

பணம் எங்க இருந்து வருதுன்னும் தெரிஞ்சு வச்சுக்குங்க. மன்றத்துக்கு முக்கிய வருமானம் சுக்காய் பிந்துங்கிற வீட்டு வரி, வருஷத்துக்கு ரெண்டு தடவை கட்டுறோமே, அது. சொத்தோட வருஷ வாடகை மதிப்பை வச்சுக் கணக்குப் போடுறாங்க, அந்த மதிப்புல 35 விழுக்காட்டுக்கு மேல போகக்கூடாதுன்னு சட்டம், நடைமுறைல விகிதம் அதைவிட ரொம்பக் குறைவு. சுக்காய் தானாங்கிற நில வரி வேற, அது நில அலுவலகத்துக்குப் போகுது. செலவுல குப்பை பெரிய பங்கு. கோலாலம்பூர்லயும் இன்னும் சில மாநிலத்துலயும் குப்பை மத்திய அரசோட திடக்கழிவுச் சட்டத்துக்குக் கீழ போயிடுச்சு, பினாங்கு அதுல சேரல, அதனால குப்பை அள்ளுறது, கொண்டு போய்க் கொட்டுறது எல்லாம் நம்ம மன்றத்தோட பொறுப்பு. வீட்டுலயே குப்பையைப் பிரிக்கணும்னு விதி வந்ததுக்கு இதுவும் ஒரு காரணம்.

ஜனங்க உங்ககிட்ட கேக்கப் போறதுல பாதி, உங்களால செய்யவே முடியாதது, செய்யவும் கூடாதது. பார்க்கிங் சமன், அதான் அபராதச் சீட்டு, ரத்து பண்ணுங்க, மாமா பையனுக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுங்க, பக்கத்து வீட்டுக்காரன் கூரை நீட்டிட்டான் உடைச்சு விடுங்க. லைசென்ஸ் கொடுக்கிறதோ மறுக்கிறதோ உங்க கையில இல்ல, மனு எந்த மேசையில நிக்குது, என்ன பேப்பர் குறையுதுன்னு கேட்டுச் சொல்லலாம், அவ்வளவுதான், அதுவே சின்ன வியாபாரிக்குப் பெரிய உதவி. யாராவது நன்றின்னு சொல்லி கவர் நீட்டினா தொடவே கூடாது, ஊழல் தடுப்புச் சட்டத்து முன்னாடி நீங்க பொது அமைப்பைச் சேர்ந்தவங்க, "அன்பளிப்பு"ங்கிற பேச்சு அங்க எடுபடாது. சொந்தக்காரங்களோட கம்பெனி ஏதாவது மன்றத்துல டெண்டர் போட்டா எழுந்து சொல்லிட்டு அந்தப் பேச்சுல கலந்துக்காம ஒதுங்கிடணும்.

நம்ம சமூகத்து விஷயம் ஒண்ணு, இதை யாரும் உங்களுக்கு முன்கூட்டியே சொல்ல மாட்டாங்க. நீங்க எந்த ஏரியாவுக்குப் போட்டாலும் தீவு முழுக்க இருக்கிற தமிழருங்க புகார் உங்ககிட்டதான் வரும். தைப்பூசத்துக்கு தண்ணீர் மலைப் பக்கம் தண்ணீர்ப் பந்தல் பர்மிட், சத்தம், குப்பை, லிட்டில் இந்தியா பூக்கடைங்க, கோயில் கூரை. கோயில் விஷயத்துல ரொம்ப நிதானம் வேணும், கட்டடம்னா மன்றம், நிலம்னா நில அலுவலகம், சில கோயிலும் சொத்தும் 1906ல சட்டம் போட்டு அமைச்ச இந்து அறப்பணி வாரியத்துக்குக் கீழ, எந்தக் கதவுன்னு தெரியாம கூட்டம் கூட்டிட்டா பிறகு சரி பண்ணவே முடியாது. இதெல்லாம் மனசார செய்யுங்க, நம்மை விட்டா அவங்களுக்கு யாரு. ஆனா நியமனம் கிடைச்சதும் கலாசாரக் கமிட்டியோட திருப்திப்பட்டு உக்காந்துடாதீங்க, திட்டமிடல், நிதி, உள்கட்டமைப்பு இதுல ஒண்ணைக் கேட்டு வாங்குங்க. நம்ம ஆளுங்க குடியிருக்கிற மலிவு வீடு, பஸ் ஸ்டாப், சின்னக் கடை எல்லாத்தோட தலைவிதியும் அங்கதான் எழுதப்படுது.

அலவன்ஸ் பத்தி. அது சம்பளம் இல்ல, தொகை ஒவ்வொரு மன்றத்துக்கும் மாறும், அதை நம்பி வேலையை விடாதீங்க. பெட்ரோல், ஃபோன், கோயில் திருவிழா நன்கொடை, கல்யாண மொய், சாவு வீடுன்னு வந்தது வந்த வழியே போயிடும். கூட்டங்க வேலை நாள்ல பகல்ல நடக்கும், உங்க ஃபேக்டரி ஷிஃப்டுக்கு இது பெரிய சிக்கல். பேர் கொடுக்கிறதுக்கு முன்னாடி எச்ஆர்கிட்ட எழுத்துல கேட்டு வாங்குங்க, வீட்டுக்காரர்கிட்டயும் பிள்ளைங்ககிட்டயும் உக்காந்து பேசுங்க, ஏன்னா ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணு உங்களுக்கு இருக்காது.

இதுவரைக்கும் சொன்னதுல சட்டம், வருஷம் எல்லாம் நீங்க சரிபார்த்துக்கக் கூடியது. இனிமே சொல்றது என் கருத்து, மாறுபடுறவங்க இருப்பாங்க. தேர்தல் திரும்ப வரணும்னு நான் உறுதியா நினைக்கிறேன். நகரத்துல இனக் கணக்கு தலைதூக்கும், கட்சிச் சண்டை லோங்காங் வரைக்கும் இறங்கிடும்னு பயப்படுறவங்க இருக்காங்க, அந்தப் பயத்தை நான் தள்ளி வைக்கல, ஆனா ஓட்டு இல்லாததால இப்ப கட்சிச் சண்டை இல்லாமலா இருக்கு? அதே மாதிரி கட்சிக்காரர் சொன்ன வாக்கும் உறுதி இல்லாத விஷயம்தான். பட்டியல் கடைசி நாள் வரைக்கும் மாறும், நியமனக் கடிதம் கைக்கு வந்து பதவிப் பிரமாணம் எடுக்கிற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதீங்க. அவர்கிட்ட ஒண்ணு மட்டும் நேரடியா கேளுங்க, மன்றத்துல ஒரு திட்டம் எங்க குடியிருப்புக்குக் கெடுதல்னு எனக்குத் தோணினா நான் எதிர்த்துப் பேசலாமா? பதில் சொல்ல அவர் எவ்வளவு நேரம் எடுத்துக்கிறார்னு கவனிங்க.

பேர் கொடுங்கன்னுதான் நான் சொல்வேன். படியேறுற கிழவிக்காகக் கேள்வி கேட்ட உங்களை மாதிரி ஆள் அங்க குறைவு. அதுக்குள்ள ஒரு முழு மன்றக் கூட்டத்துக்குப் போய் உக்காருங்க, அது பொதுமக்களுக்கும் பத்திரிகைக்காரங்களுக்கும் திறந்த கூட்டம்னு சட்டமே சொல்லுது, தேதியை மன்றச் செயலகத்துல கேட்டா சொல்வாங்க. லிஃப்டுக்குக் கவுன்சிலர் ஆகிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். அது பொது ரோடு மாதிரி மன்றத்தோட சொத்து இல்ல, உங்க நிர்வாகக் குழுவோட பொறுப்பு, 2013 அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்துக்குக் கீழ வருது, அதைக் கவனிக்கிற கட்டட ஆணையர் பிரிவு மன்றத்துலயே இருக்கு. மலிவு விலை அடுக்குமாடிங்களோட லிஃப்ட், கூரை, தண்ணி டேங்க் மாதிரி பழுதுகளுக்கு மாநில அரசு 80 விழுக்காடு வரை செலவை ஏத்துக்கிற பராமரிப்பு நிதி ஒண்ணு வச்சிருக்கு. போன ஆண்டுக் கூட்ட மினிட்ஸ், கணக்கு, பராமரிப்புக் கட்டணம் யார் யார் பாக்கி, லிஃப்ட் கம்பெனி கொடுத்த கொட்டேஷன், இந்த நாலையும் ஒரு ஃபைல்ல போட்டு எடுத்துக்கிட்டு கட்டட ஆணையர் பிரிவு கவுன்டருக்குப் போங்க, என்ன குறையுதுன்னு எழுதி வாங்கிட்டு வாங்க. அதை இங்கயே கீழ போடுங்க, அடுத்து எங்க போகணும்னு நான் சொல்றேன்.